ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் பேராயர் வெளியிட்ட வெள்ளிக்காசு: பிரீசாக் காசும் அதன் பரவலும்

முன்னுரை

இடைக்கால ஐரோப்பாவில் காசு அச்சிடும் உரிமை முடிமன்னர்க்கு மட்டுமே உரியதாக இருக்கவில்லை. ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் ஆயர்களும் பேராயர்களும் சமயத் தலைவர்களாக மட்டுமன்றி, நிலமும் சுங்கமும் சந்தையும் உடைய ஆட்சியாளர்களாகவும் விளங்கினர். அவர்களுள் சால்ஸ்பர்க் பேராயர் வெளியிட்ட பிரீசாக் காசு, தன் ஆட்சி எல்லைக்கு அப்பால் பெற்ற செல்வாக்கையும் அதனை அறியத் துணைபுரியும் சான்றுகளின் தன்மையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்கசாலை

கி.பி. 996இல் பேரரசர் மூன்றாம் ஓட்டோ சால்ஸ்பர்க் பேராயருக்குச் சந்தை, சுங்கம், நாணயம் ஆகிய உரிமைகளை வழங்கினார். எனினும் பேராயரின் புகழ்பெற்ற காசு, இன்றைய ஆஸ்திரியாவின் கரிந்தியா மாநிலத்திலுள்ள பிரீசாக் நகரிலேயே தோன்றியது. கி.பி. 860இல் பேராயருக்குக் கொடையாக அளிக்கப்பட்ட இவ்வூர், வியன்னாவையும் வெனிசையும் இணைத்த பெருவழியில் அமைந்திருந்தது. அதன் சுற்றுப்புறத்தில் வெள்ளியும் கிடைத்தது. பேராயர் முதலாம் கொன்ராடு (1106–1147) காலத்தில் இங்கு அக்கசாலை இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு கிராம் எடையுள்ள இக்காசுகள் பலவற்றில் ஆயர் உருவமும் கோபுரங்களுடன் கூடிய கட்டட உருவமும் இடம்பெற்றுள்ளன.

பரவலும் போன்மையும்

கரிந்தியக் கோமகனும் அக்குலேயாவின் மறைமுதுவரும் பிரீசாக் காசைப் பின்பற்றித் தம் காசுகளை வெளியிட்டனர். ஹங்கேரியில் இரண்டாம் ஆண்ட்ரூ (1205–1235) காலத்தில் உள்நாட்டுக் காசு மதிப்பிழந்தபோது, பிரீசாக் காசு அங்குப் பெருவழக்குப் பெற்றது. அந்நாட்டு ஆவணங்கள் விலையையும் கடனையும் இக்காசின் பெயராலேயே குறிக்கின்றன. பேராயரின் ஆணை செல்லாத நாட்டில் அவர் காசு செல்லுபடியானமைக்கு அதன் வெள்ளியின் மீதிருந்த நம்பிக்கையே காரணம் எனலாம்.

புதையல் தரும் சான்று

ஹங்கேரியில் கிடைத்துள்ள பிரீசாக் காசுப் புதையல்கள் பல, 1241–1242இல் நிகழ்ந்த மங்கோலியப் படையெடுப்போடு தொடர்புடையவை. அமைதிக் காலத்தில் புதைத்தவரே தம் பொருளை மீண்டும் தோண்டி எடுத்துக்கொள்வர். பழங்காசு உருக்கப்பட்டுப் புதுக்காசாகும். எடுக்கப்படாமல் மண்ணில் தங்கிய புதையலோ, உரியவர் திரும்பி வரவில்லை என்பதை உணர்த்துகிறது. ஆகவே புதையல்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு வணிகத்தின் அளவை அறுதியிடுதல் பொருந்தாது. அது பேரழிவின் அளவையும் உடன் காட்டுவதாகும். ஆவணச் சான்றோடு ஒப்புநோக்கும்போதே உண்மை நிலை புலப்படும்.

முடிவுரை

13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்லவோனியாவின் ஆளுநர் தமக்கெனத் தனிக்காசு வெளியிட்டார். அதில் ஆயர் உருவம் இல்லை. மரநாயை ஒத்த மார்ட்டன் என்னும் விலங்கின் உருவம் இடம்பெற்றது. பிரீசாக் காசு வளர்த்த வெள்ளிக்காசுப் பழக்கம் நிலைத்தது. பேராயரின் முத்திரை மட்டும் மறைந்தது. காசின் வரலாறு வெளியிட்டவரின் வரலாறாக மட்டுமன்றி, அதனை ஏற்றுக்கொண்டவரின் வரலாறாகவும், புதைத்துவிட்டுத் திரும்பாதவரின் வரலாறாகவும் அமைகிறது என்பது இவ்வாய்வால் பெறப்படும் முடிவாகும்.