காளி என்ற நாய்

தக்கோலப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆதகூர்க் கல்வெட்டைத் தொடாமல் போவதில்லை. கி.பி. 949ல் முதற் பராந்தகனின் மகன் இராஜாதித்தன் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு பொருது தக்கோலத்தில் இறந்தான். கொன்றவன் கிருஷ்ணனின் சகோதரியை மணந்திருந்த கங்க மன்னன் பூதுகன். அதற்குப் பரிசாகப் பூதுகனுக்கு வனவாசி பன்னீராயிரம் முதலான நாடுகள் கிடைத்தன. இதையெல்லாம் விவரமாகச் சொல்வது அந்தக் கல். விவரங்களை எடுத்துக்கொண்டதும் சரித்திரம் கல்லை விட்டுவிட்டு அடுத்த போருக்குப் போய்விடுகிறது. கல் எதற்காக நடப்பட்டது என்பது பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் வரும், அதுவும் எல்லாப் புத்தகங்களிலும் வராது. அது ஒரு நாய்க்காக நடப்பட்ட கல்.

இதைத் தலைகீழாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. போரைச் சொல்ல வந்த கல்லில் நாயும் இடம்பெற்றிருக்கிறது என்று படிப்பது சரித்திர ஆசிரியரின் பழக்கம். உண்மையில் நாயைச் சொல்ல வந்த கல்லில்தான் போர் இடம்பெற்றிருக்கிறது. ஒரு சோழ இளவரசனின் சாவு ஒரு நாயின் சாவுக்கு முன்கதை.

கதை இதுதான். பூதுகனிடம் மணலேரன் என்று ஒரு வீரன். சோழனோடு நடந்த போரில் அவன் காட்டிய தீரத்தில் மகிழ்ந்த மன்னன், வேண்டியதைக் கேள் என்கிறான். மணலேரன் காளி என்ற வேட்டை நாயைக் கேட்கிறான். கிடைக்கிறது. பிறகு பெலதூர்க் குன்றுப் பக்கம் ஒரு பெரிய காட்டுப் பன்றியின்மேல் அதை ஏவிவிடுகிறார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று விழுகின்றன. ஆதகூரில் ஒரு சிவன் கோயிலுக்கு முன்னால் மணலேரன் கல் நடுகிறான், பூஜைக்கு நிலம் விடுகிறான். கல்லின் தலைப்பில் நாயும் பன்றியும் பொருதுகிற சிற்பம். அதைச் சுற்றியும் கீழேயும் பழங்கன்னட எழுத்து. ஆதகூர் இன்றைய மாண்டியா மாவட்டத்தில் மத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மணலேரனுக்கு ஊர்களும் கிடைத்தன, அதையும் கல் சொல்கிறது. ஆனால் கேள் என்றபோது அவன் ஊரைக் கேட்கவில்லை. அரசர்கள் கேள் என்று சொல்லும் தருணங்கள் நம் இலக்கியத்தில் ஏராளம். கைகேயி கேட்டது நமக்குத் தெரியும். புலவர்கள் கேட்டதும் தெரியும், பெரும்பாலும் சோறு. ஒரு நாயைக் கேட்டவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவன் அதை முன்பே பார்த்திருக்க வேண்டும், பாசறையில் அதன் குரலைக் கேட்டிருக்க வேண்டும், மனசுக்குள் அது தன்னுடையது என்று எப்போதோ முடிவு செய்திருக்க வேண்டும். கல்லில் இது எழுதியில்லை, என் ஊகம்தான். நாய் வளர்த்தவர்கள் இந்த ஊகத்தை எனக்கு அனுமதிப்பார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னூறு வருஷம் முந்திய கல் ஒன்று இருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் நடப்பட்டது. 1972ல் தொல்பொருள் துறை வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுதி வந்த பிறகு இந்த வட்டாரத்துக் கற்கள் பலருக்கும் தெரியவந்தன. கருந்தேவகத்தி என்ற சேவகன் தன் எருமைகளைக் காக்கப் போராடி இறந்தான். அவன் உருவத்துக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதற்கென்று தனியே பொறித்திருக்கிறார்கள்: அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது. அவ்வளவுதான். அது இறந்ததா, எஜமானன் விழுந்த பிறகு யார் அதற்குச் சோறு வைத்தார்கள் என்பதெல்லாம் கல்லுக்கு அக்கறையில்லை. நாயின் பெயர் ஏழாம் நூற்றாண்டிலிருந்து நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது, இது சிறிய விஷயமில்லை. அந்த எருமைகளைக் கறந்த பெண்கள் ஒருத்தியின் பெயரும் வந்து சேரவில்லை. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கும் கல் இருக்கிறது.

கோவிவனுக்கு இடம் கிடைத்தது ஊழியத்துக்காக. கடித்தது, காத்தது, ஆகவே கல். காளியின் கணக்கு வேறு. அது எந்தக் கள்ளனையும் பிடிக்கவில்லை, யாரையும் காப்பாற்றவில்லை. வேட்டை அரச குலத்துப் பொழுதுபோக்கு, அதில் ஒரு பன்றியோடு செத்தது. வீரத்தைக் கல் புகழாமல் இல்லை. ஆனால் நிலம் விட்டு, அன்றாடம் பூஜை செய்ய ஏற்பாடு பண்ணுகிற அளவுக்கு வீரம் மட்டும் காரணமாக இருந்திருக்காது. மணலேரனுக்கு வேறு ஏதோ நேர்ந்திருக்கிறது. அதற்குப் பத்தாம் நூற்றாண்டில் சொல் இல்லை. செல்லப் பிராணி என்று நாம் இன்று சொல்வது அசட்டுச் சொல், மணலேரனிடம் சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பான்.

தமிழில் நாய் என்பதே வசவுதான். மாணிக்கவாசகர் தன்னைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியபோதெல்லாம் நாயாகிறார். சிறையில் தண்ணீர் கேட்டுத் தாமதமாகப் பெற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறைக்கும் தன் நிலையைச் சொல்லச் சங்கிலியில் கட்டுண்ட நாய்தான் கிடைத்தது. இவர்கள் யாரும் நாயைப் பார்க்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சங்கிலியில் கிடக்கும் நாயைக் கூர்ந்து பார்த்தவனால்தான் அந்த உவமையைச் சொல்ல முடியும். பார்த்தும் அதை நாயாக விடவில்லை என்பதுதான் என் குறை. மகாபாரதம்கூட இதில் சேர்த்திதான். தருமன் நாயை விட்டுவிட்டு சுவர்க்கத்துக்கு வர மாட்டேன் என்று நிற்கிற இடம் மகத்தானது. அடுத்த கணமே அது நாய் இல்லை, தருமதேவதை என்று ஆகிவிடுகிறது. கவி கடைசி நிமிஷத்தில் பயந்துவிட்டான் என்று எனக்குப் படுகிறது. சுவர்க்கத்துக்குள் ஒரு நிஜ நாய் காலடி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

காளி கடைசிவரை நாய்தான். கல்லில் ஓர் இடம் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. நிலத்தை அனுபவிக்கும் கோயில் பூசாரி இந்தக் கல்லுக்குப் பூஜை செய்யாமல் உண்டால், அந்த நாய் செய்த பாவம் அவனைச் சேரும் என்கிறது. தானத்தை அழிப்பவனுக்குக் காராம்பசுவைக் கங்கைக் கரையில் கொன்ற பாவம் சேரும் என்பது நம் கல்வெட்டுகளின் வழக்கமான சாபம். இங்கே நாயின் பாவம். ஒரு நாய்க்குப் பாவம் உண்டு என்று நம்புகிறவன் அதற்கு ஒரு ஆத்மாவைக் கொடுத்துவிட்டான். வேட்டையாடிய உயிர்களெல்லாம் அதன் கணக்கில் இருக்கின்றன. ரோமாபுரியில் மார்கரீட்டா என்ற வேட்டை நாய்க்கு இரண்டாம் நூற்றாண்டில் செய்த சலவைக்கல் ஒன்று பிரிட்டிஷ் மியூஸியத்தில் உள்ளது. அதில் நாயே தன் கதையைச் செய்யுளில் சொல்கிறது: கால் நாட்டில் பிறந்தேன், காடுகளில் ஓடினேன், எஜமானியின் மடியில் கிடந்தேன், குட்டி போடும்போது இறந்தேன். அழகான காரியம். ஆனால் அங்கே நாய் கவிஞனாகிவிட்டது. பாவத்தோடு விடப்பட்ட காளிதான் எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. பதின்மூன்று வருஷம் ஒரு பெட்டை நாயோடு இருந்தேன். அதற்கு முன் வந்த குட்டி நாலாவது நாளிலேயே ரத்தமாய்க் கழிந்து போய்விட்டது. பார்வோ வைரஸ் என்றார்கள். 1978 வரை உலகத்தில் யாரும் அறியாதிருந்த நோய் அது, இரண்டே வருஷத்தில் கண்டங்களையெல்லாம் சுற்றி வந்துவிட்டது. அடுத்ததற்குப் பெயர் வைக்கவே பயந்து ஒரு மாசம் குட்டி என்றே கூப்பிட்டோம், பதின்மூன்று வயதிலும் அது குட்டியாகவே இருந்தது.

அந்தப் பதின்மூன்று வருஷத்தில் நானும் என் மனைவியும் ஒரு கல்யாணத்துக்கும் சேர்ந்து போனதில்லை. ஒருவர் போனால் ஒருவர் வீட்டில். வாடகை வீடு மூன்று முறை மாறினோம். ஒரு வீட்டுக்காரர் நிதானமாகச் சொன்னார்: "நீங்க எத்தனை வருஷம் வேணாலும் இருங்க சார், அது மட்டும் வேண்டாம்." மாட்டாஸ்பத்திரியில் சினைப் பசுக்களுக்கும் கால் ஒடிந்த ஆடுகளுக்கும் நடுவில் அதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பசுவைக் கொண்டுவந்தவர்களுக்கு அங்கே ஒரு உரிமை இருந்தது. பசு பால் தருகிறது, அதன் வைத்தியம் ஒரு முதலீடு. என்னைப் பார்த்து ஒருவர், "காவலுக்காங்க?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பின்னே?" என்றார். அந்தப் பின்னேக்கு என்னிடம் பதில் இல்லை. எடுத்தனூர்க் கல்லைச் செதுக்கியவனும் இதையே கேட்டிருப்பான்.

பயத்தையும் சொல்ல வேண்டும். பிரியத்தோடு சேர்ந்தே வந்த பயம் அது. பைரனின் நாய் போட்ஸ்வெய்ன் 1808ல் வெறிநோயில் செத்தது. அதற்கு அவன் நியூஸ்டெட்டில் எழுப்பிய சின்னம் பின்னால் அவனுக்கே கிடைத்ததைவிடப் பெரியது. அன்று அந்த நோய்க்கு மருந்து கிடையாது. பாஸ்தர் 1885ல் ஜோஸப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு ஊசி போட்ட பிறகுதான் வெறிநாய்க்கடி நிச்சய மரணம் என்ற நிலை மாறத் தொடங்கிற்று. 1907ல் குன்னூரில் பாஸ்தர் நிலையம் வந்தது. 1911ல் கசௌலியில் டேவிட் ஸெம்பிள் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்துதான் பிறகு பல பத்தாண்டுகள் நமக்கெல்லாம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பாட்டிகள் குழந்தைகளை மிரட்டியது இதைத்தான். என் அத்தை சிறுமியாக இருந்தபோது தாலுகா ஆஸ்பத்திரிக்குப் பதினாலு நாள் நடந்திருக்கிறாள். கடித்தது வீட்டு நாய். அதைப் பத்து நாள் கட்டிப்போட்டுப் பார்த்தார்கள். நாய் சாகவில்லை, அதாவது வெறியில்லை. ஆனால் ஊசிகள் முடிவதற்குள் தாத்தா அதை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டார். அத்தை எழுபது வயதிலும் வயிற்றைத் தொட்டுக்காட்டி அந்த நாயைப் பற்றித்தான் பேசுவாள், ஊசியைப் பற்றி இல்லை. பக்கவாதம்வரை கொண்டுவிடக்கூடிய அந்த ஆட்டு மூளை மருந்தை இந்தியா 2005 வாக்கில்தான் கைவிட்டது.

எங்கள் குட்டி சிறுநீரகம் கெட்டு இறந்தது. மூன்றாவது மாடி வீடு. மண் என்று சொல்ல எங்களுக்கு இருந்தது இரண்டு துளசித் தொட்டிகள். குப்பை லாரியில் போடலாம் என்று ஒரு அலுவலகத்தில் சொன்னார்கள். கடைசியில் நண்பர் ஒருவரின் தோப்பில், கிணற்றுமேட்டுக்குப் பின்னால் குழி வெட்டினோம். குழி வெட்டியவர் கூலி வாங்கிக்கொண்டு, உப்புப் போடணும் என்றார், போட்டார். நானாக வைத்த கல் எதுவும் அங்கே இல்லை. எகிப்தில் வீட்டுப் பூனை செத்தால் குடும்பத்தார் புருவத்தை மழிப்பார்கள், நாய் செத்தால் உடம்பு முழுவதும் மழிப்பார்கள் என்று ஹெரொடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறான். ஆச்சரியப்பட்டுத்தான் எழுதியிருக்கிறான். எனக்கு அதில் பொறாமைதான். தீட்டு எத்தனை நாள், என்ன செய்ய வேண்டும், எப்போது அது முடிகிறது என்று ஊருக்கே தெரிந்திருந்தது அவர்களுக்கு. நான் மறுநாள் ஆபீஸ் போனேன். லீவுக் கடிதத்தில் என்ன காரணம் எழுதுவது?

இராஜாதித்தனின் சாவு பின்னால் அவன் வம்சத்தாரின் செப்பேட்டில் காவியமாயிற்று. ஆனைமங்கலச் செப்பேடு அவனை யானைமேல் வீழ்த்தி வீர சுவர்க்கத்துக்கு அனுப்பிவைக்கிறது. அது அரசர்கள் அரசர்களுக்குச் செய்துகொள்வது. அதே போரில் சண்டையிட்டு எதிர்ப்பக்கம் நின்ற ஒருவன் ஊருக்குத் திரும்பி, தன் வாழ்க்கையில் கல்லில் எழுதவேண்டியது எது என்று யோசித்தபோது தக்கோலம் அவனுக்கு ஒரு தேதியாக, நாய் எப்படிக் கிடைத்தது என்பதற்கு விளக்கமாக மட்டும் பயன்பட்டது.

ஆதகூர்க் கல் இப்போது ஆதகூரில் இல்லை. பெங்களூர் மியூஸியத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சில வருஷங்களுக்கு முன் போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் வரிசையிலிருந்து விலகி, கல்லின் தலைப்பில் இருந்த நாயை விரலால் தடவிப் பார்த்தாள். தொடக்கூடாது என்று காவலாளி அதட்டினார். மத்தியானமாகிவிட்டது. அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே மர நிழலுக்குப் போனார்.