வீட்டு விற்பனை ஆயத்தம் (தமிழ்நாடு)

வீட்டு விற்பனை ஆயத்தம் என்பது ஒரு வீட்டை விற்பனைக்கு அறிவிப்பதற்கு முன்னர் அதன் உரிமையாளர் செய்யும் ஆவணச் சரிபார்ப்பு, நிலுவைத் தீர்வு, பழுதுநீக்கம் ஆகிய பணிகளைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இவற்றுள் ஆவணச் சரிபார்ப்பே முதன்மையானது. வெள்ளையடிக்காத வீட்டின் விலை சற்றுக் குறையலாம். உரிமைத் தொடர்ச்சி அறுந்த வீடு விற்கவே இயலாமற் போகலாம்.

சட்டப் பின்னணி

இந்தியாவில் 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, நிலம் முதலியவற்றின் விற்பனை, பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே நிறைவேறும் என 1882 ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் (பிரிவு 54) கூறுகிறது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, விற்பவருக்குரிய கடமைகளைப் பிரிவு 55 வரையறுக்கிறது. அவற்றுள் சில:

* வாங்குபவர் இயல்பான கவனத்தால் கண்டறிய முடியாத முக்கியக் குறைகள் சொத்திலோ உரிமையிலோ இருந்து, அவற்றைத் தாம் அறிந்திருந்தால் வெளிப்படுத்துதல்
* உரிமை ஆவணங்களைப் பார்வைக்குத் தருதல்
* விற்பனை நாள் வரையிலான பொது வரிகளைச் செலுத்துதல்

முதற் கடமையைத் தவறவிடுவது மோசடியாகக் கருதப்படும்.

தேவையான ஆவணங்கள்

* தாய்ப் பத்திரம்: சொத்து முன்னர் யார் யாரிடமிருந்து கைமாறி வந்தது என்பதைக் காட்டும் பழைய பத்திரங்கள்.
* நடப்புப் பத்திரம்: கிரயம், தானம், பாகப்பிரிவினை, உயில் போன்றவற்றுள் விற்பவருக்கு உரிமை அளித்த ஆவணம்.
* பட்டா: வருவாய்த் துறையின் நில ஆவணம். இது மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது. எனினும் பெயரும் அளவும் பத்திரத்துடன் ஒத்திருத்தல் வேண்டும்.
* கட்டட வரைபட அனுமதி.
* சொத்து வரி, குடிநீர், மின் கட்டண ரசீதுகள்.

வில்லங்கச் சான்று

ஒரு சொத்தின் மீது குறிப்பிட்ட காலத்தில் பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றின் பட்டியலே வில்லங்கச் சான்று ஆகும். இதனைச் சார்பதிவாளர் அலுவலகத்திலோ பதிவுத்துறையின் இணையத்தளத்திலோ பெறலாம். பதிவுகள் எவையும் இல்லையெனில் 'வில்லங்கமின்மைச் சான்று' வழங்கப்படும்.

இச்சான்று பதிவானவற்றை மட்டுமே காட்டும். பதிவு செய்யப்படாத அடமானங்கள், வாய்மொழிப் பாகப்பிரிவினை, வரி நிலுவை ஆகியவை இதில் தோன்றா. உயில்கள் தனிப் புத்தகத்தில் பதியப்படுவதால் அவையும் இடம்பெறா. ஆகவே வில்லங்கம் இல்லை எனச் சான்று கூறுவது, சிக்கல் இல்லை என்பதற்கு முழு உறுதியாகாது.

வாரிசுரிமை

உரிமையாளர் உயில் எழுதாமல் இறந்த வீடுகளிலேயே சிக்கல்கள் மிகுதி. 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தையின் தனிச் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு உண்டு. எடுத்துக்காட்டாக, தாய் முன்னரே இறந்துவிட்ட ஒருவருக்கு மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் இருப்பின் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு. மகன்கள் மட்டும் கையொப்பமிட்டு முழு வீட்டையும் விற்றால், மகளின் பங்கு வாங்கியவருக்குச் சென்று சேராது. அவர் பின்னர் பாகப்பிரிவினை வழக்குத் தொடரலாம். திருமணச் சீர் பெற்றதால் மகளின் பங்கு நீங்கிவிடுவதில்லை.

பரம்பரைச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை அளித்துத் தமிழ்நாடு 1989 இல் சட்டத் திருத்தம் செய்தது. அதற்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005 ஆம் ஆண்டின் நடுவண் அரசுத் திருத்தம் அவ்வேறுபாட்டை நீக்கியது.

எனவே வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் பெற்று, வாரிசுகள் அனைவரும் கிரயப் பத்திரத்தில் கையொப்பமிடுவது வழக்கம். பங்கு வேண்டாதவர் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். 18 அகவை நிரம்பாத இந்து வாரிசின் தனிப் பங்கை இயற்கைக் காப்பாளர் விற்க நீதிமன்ற அனுமதி தேவை.

வங்கிக் கடன்

கடனைத் தீர்த்தவுடன் வில்லங்கச் சான்றிலுள்ள அடமானப் பதிவு தானாக நீங்குவதில்லை. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்தாலே அது சான்றில் புலப்படும். கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தரவேண்டும் என இந்திய ரிசர்வ் வங்கி 2023 இல் ஆணையிட்டது. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

கட்டடமும் விலையும்

கூரை ஒழுகல், சுவர் வெடிப்பு, கறையான், கழிவுநீர் அடைப்பு ஆகியவற்றைச் சரிசெய்தபின் வண்ணம் பூசுவதே முறை. ஒழுகும் தளத்தை வண்ணப்பூச்சால் மறைத்து விற்பது மேற்கூறிய பிரிவு 55 இன்கீழ்ச் சிக்கலாகலாம்.

அரசின் வழிகாட்டி மதிப்பு, சந்தை விலை அன்று. அது முத்திரைத் தீர்வைக்கான அடிப்படை. தனி வீடுகளில் நிலத்துக்கு மட்டுமே அது பொருந்தும். கட்டடத்தின் மதிப்பு தனியே கணக்கிடப்படும்.

இவற்றையும் பார்க்க

* வில்லங்கச் சான்று
* பட்டா
* பாகப்பிரிவினை
* முத்திரைத் தீர்வை