லாரா குரொஃப்டின் குரலுக்கு உரியவர் யார்?

திரையில் தெரியும் முகத்தை நினைவில் வைத்திருக்கும் நாம், குரல் தந்தவரின் பெயரை அறிய முற்படுவதில்லை. ஒரு கட்டுரையை எழுதியவர் பெயரின்றி வெளியிடுவது நியாயமன்று என்று கருதும் பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், இந்த மறதி என்னை உறுத்துவதுண்டு. லாரா குரொஃப்ட் என்ற கற்பனைப் பெண்ணின் வரலாறு இதற்குத் தக்க உதாரணமாகும்.

1996 இல் இங்கிலாந்தின் டார்பி நகரிலிருந்த கோர் டிசைன் நிறுவனம் ‘டூம் ரைடர்’ என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. டோபி கார்ட் என்பவர் வடிவமைத்த அதன் நாயகியே லாரா. பழைய கல்லறைகளிலும் இடிந்த ஆலயங்களிலும் அரும்பொருள் தேடும் ஆங்கிலேயச் சீமாட்டி. அக்காலக் கணினியின் ஆற்றல் குறைவு. அவளது முகம் ஒருசில கோணத் துண்டுகளை ஒட்டவைத்தது போலவே இருந்தது. அதில் உணர்ச்சியைக் காட்ட வழியில்லை. அவளுக்கு உயிரூட்டியது ஷெல்லி புளொண்ட் என்ற நடிகையின் குரல்தான்.

அடுத்த இரு விளையாட்டுகளில் ஜூடித் கிப்பின்ஸ் பேசினார். 1999 முதல் 2003 வரை ஜொனெல் எலியட். 2006 இல் கீலி ஹாவ்ஸ். 2013 இல் லாராவை இளம்பெண்ணாக மீண்டும் படைத்தபோது வந்தவர் கமிலா லடிங்டன். அவர் குரலை மட்டும் கொடுக்கவில்லை. அவரது உடலசைவுகளையும் பதிவு செய்து நாயகிக்குப் பொருத்தினார்கள்.

விளையாட்டுக்கு வெளியேயும் லாரா வளர்ந்தாள். 2001, 2003 ஆம் ஆண்டுத் திரைப்படங்களில் ஏஞ்சலினா ஜோலியும் 2018 இல் அலிசியா விகண்டரும் நடித்தனர். 2007 இல் வந்த இணையச் சித்திரத் தொடரில் மினி டிரைவரும், 2024 இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட சித்திரத் தொடரில் ஹேலி அட்வெல்லும் குரல் கொடுத்தனர்.

ஆங்கிலத்தில் இவ்வாறு குரல்கள் மாறிக்கொண்டிருக்க, பிரான்ஸில் நிலைமை வேறாக இருந்தது. 1996 முதல் பல ஆண்டுகள் அங்கு லாராவாகப் பேசியவர் பிரான்சுவாஸ் கடோல் என்ற ஒரே நடிகை. ஜோலியின் படங்கள் பிரெஞ்சு மொழிக்கு மாற்றப்பட்டபோதும் ஜோலிக்காகப் பேசியவர் அவரே. பிரெஞ்சு இரசிகர்களைப் பொறுத்தவரை லாராவையும் அக்குரலையும் பிரித்துப் பார்க்க இயலாது.

2025 பெப்ரவரியில் பழைய விளையாட்டுகள் மூன்று புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் அவற்றுக்கு வந்த திருத்தப் பதிப்பில் பிரெஞ்சுக் குரல் ஏதோ இயந்திரம் பேசுவது போல் ஒலித்தது. முதலில் கண்டுபிடித்தவர்கள் இரசிகர்கள். தமது குரல் செயற்கை நுண்ணறிவினால், தமது அனுமதியின்றி, போலி செய்யப்பட்டுள்ளது என்று கூறிய கடோல், வெளியீட்டாளரான அஸ்பைர் நிறுவனத்துக்குச் சட்டத்தரணி மூலம் அறிவித்தல் அனுப்பினார். வெளியிலிருந்து பணிசெய்த கூட்டாளி நிறுவனம் ஒன்று தமக்குத் தெரியாமல் செய்துவிட்டது என விளக்கி மன்னிப்புக் கேட்ட அஸ்பைர், அக்குரல் பதிவுகளை அகற்றியது.

இது ஒரு நடிகையின் தனிப்பட்ட மனக்குறை மட்டுமன்று. அமெரிக்காவின் விளையாட்டுக் குரல் நடிகர்கள் 2024 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கியதற்கு முக்கிய காரணம் இதே அச்சந்தான். ஏறத்தாழ ஓராண்டின் பின் கிடைத்த ஒப்பந்தம், ஒருவரின் குரலைக் கணினியில் பிரதி செய்வதற்கு அவரது சம்மதம் தேவை என்று வரையறுத்தது.

லாராவின் உரிமை நிறுவனத்துக்கு நிறுவனம் கைமாறலாம். அவளது முகத்தை யாரும் புதிதாக வரையலாம். குரல் அப்படியானதன்று என்பதே என் கருத்து. அது மூச்சுவிடும் ஒரு மனிதரின் தொண்டையில் பிறந்தது. ஒருமுறை கூலி கொடுத்ததால் அத்தொண்டையையே விலைக்கு வாங்கிவிட்டதாக எவரும் எண்ணலாகாது. கடோலின் வழக்கில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: அவருக்காக முதலில் குரலெழுப்பியவர்கள், அவர் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களே.