நில எடுப்பும் நியாயமான இழப்பீடும்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

பொதுக் காரியத்துக்காகத் தனியார் நிலத்தை, உரிமையாளர் விற்க விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அரசு எடுத்துக்கொள்வது நில எடுப்பு எனப்படும். பேச்சு வழக்கில் இதனை நில ஆர்ஜிதம் என்பர். அவ்வாறு எடுக்கும் நிலத்துக்கு அரசு தரும் பணமே இழப்பீடு.

சாதாரண விற்பனையில் எப்போது விற்பது, என்ன விலைக்கு விற்பது என்பதை நிலத்துக்காரர் முடிவு செய்கிறார். நில எடுப்பில் இவ்விரண்டையும் முடிவு செய்வது அரசு. எனவே இழப்பீடு பற்றிய சட்ட வரலாறு பெரும்பாலும் மூன்று கேள்விகளைச் சுற்றியே அமைந்துள்ளது. எந்த நாளின் விலை? எந்தப் பயன்பாட்டுக்கான விலை? கட்டாயமாக எடுப்பதற்குக் கூடுதலாக எவ்வளவு? இக்கேள்விகளின் வரலாற்றில் சென்னைக்கும் அதன் மேற்குப் புறநகருக்கும் முக்கிய இடம் உண்டு.

வட்டாரத்தின் பின்னணி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த, ஏரிப்பாசனத்தை நம்பிய ஊர்கள். 1856 ஜூலையில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. அந்தப் பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகவே செல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாற்றம் வேகமெடுத்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை உருவாகி, 1965 இறுதியில் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்டது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. பின்னர் முகப்பேர், அயப்பாக்கம் போன்ற இடங்களில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் வந்தன. அடுத்து வண்டலூரிலிருந்து பூந்தமல்லி அருகிலும் நெமிலிச்சேரி வழியாகவும் மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை வந்தது. நஞ்சையும் புஞ்சையுமாக இருந்த நிலம், ஒரு தலைமுறைக்குள் கிரவுண்டுக் கணக்கில் விலை பேசப்படும் மனைகளாயிற்று.

நிலவிலை நிலையாக இருக்கும் ஊரில் இழப்பீட்டுக்கு எந்த நாளைக் கணக்கில் கொண்டாலும் பெரிய வேறுபாடு வராது. விலை ஆண்டுதோறும் ஏறும் புறநகரில் அந்த நாளே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது.

1894ஆம் ஆண்டுச் சட்டம்

சென்னை மாகாணத்தில் பொதுக் கட்டடங்களுக்கு நிலம் எடுக்க 1852இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1857ஆம் ஆண்டுச் சட்டத்தில் இழப்பீட்டுத் தகராறுகளை நடுவர்கள் தீர்த்தனர். 1870ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. இவற்றின் தொடர்ச்சியாக வந்த 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் 2013 இறுதி வரை நடைமுறையில் இருந்தது.

அச்சட்டத்தின்படி 4(1) பிரிவு அறிவிக்கை வெளியாகும் நாளின் சந்தை விலையே அடிப்படை. கட்டாயமாக எடுப்பதற்காக அதன்மேல் 15 விழுக்காடு ஆறுதல் தொகை உண்டு. பயிர், மரம், கட்டடம் ஆகியவற்றுக்கும் மதிப்புப் போடப்படும். ஆனால் எந்தத் திட்டத்துக்காக நிலம் எடுக்கப்படுகிறதோ அந்தத் திட்டத்தால் ஏறும் விலை கணக்கில் வராது. தொழிற்பேட்டை வருவதால் பக்கத்து நிலத்தின் விலை உயர்ந்தால் அந்த உயர்வு பக்கத்து நிலத்துக்காரருக்குக் கிடைக்கும். தொழிற்பேட்டைக்கே நிலம் கொடுத்தவருக்குக் கிடைக்காது.

ஆவடி மாநாடும் அரசமைப்புத் திருத்தமும்

அரசமைப்புச் சட்டத்தின் 31ஆம் உறுப்பு, இழப்பீடின்றிச் சொத்தை எடுக்கக் கூடாது என்றது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்த நிலம் எடுத்த மேற்கு வங்க அரசு, எப்போது எடுத்தாலும் 1946 டிசம்பர் 31ஆம் நாளின் விலைக்கு மேல் தர முடியாது என்று சட்டம் இயற்றியிருந்தது. 1953 டிசம்பரில் பேலா பானர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வரம்பைச் செல்லாது என்றது. இழப்பீடு என்றால் இழந்ததற்கு ஈடானதாக இருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து.

1955 ஜனவரியில் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானித்தது. நிலச் சீர்திருத்தத்துக்கும் திட்டப் பணிகளுக்கும் நிலம் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் வலுவாக இருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நான்காவது அரசமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இழப்பீடு போதவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது என்று அது கூறியது.

1961ஆம் ஆண்டு சென்னைத் திருத்தம்

இந்தச் சூழலில் சென்னை மாநில அரசு, வீட்டுவசதித் திட்டங்களுக்கு எடுக்கும் நிலத்துக்கு மட்டும் தனி விதி செய்தது. அறிவிக்கை நாளின் விலை, முந்தைய ஐந்து ஆண்டுகளின் சராசரி விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே இழப்பீடு. ஆறுதல் தொகை 15 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. நிலம் பிற்காலத்தில் மனையாகக்கூடிய வாய்ப்புக்கும் மதிப்பு இல்லை.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு நிலத்தின் விலை அறிவிக்கை நாளில் 1,00,000 ரூபாய். ஐந்தாண்டுச் சராசரி 80,000 ரூபாய். 1894ஆம் ஆண்டு விதிப்படி 1,15,000 ரூபாய் கிடைக்கும். 1961ஆம் ஆண்டு விதிப்படி 84,000 ரூபாய்தான். விலை ஏறிவரும் இடத்தில் ஐந்தாண்டுச் சராசரி எப்போதும் பின்தங்கியே இருக்கும்.

இதனை எதிர்த்த வஜ்ரவேலு முதலியார் வழக்கில் 1964 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கே. சுப்பா ராவ். நான்காவது திருத்தத்துக்குப் பின் தொகை போதாது என்ற காரணத்தால் இச்சட்டத்தை நீக்க முடியாது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் வேறொரு கேள்வியை அது எழுப்பியது. அடுத்தடுத்து உள்ள இரு நிலங்களில் ஒன்றை வீட்டுவசதிக்கும் மற்றொன்றை மருத்துவமனைக்கும் எடுத்தால், ஒருவருக்குக் குறைவாகவும் மற்றவருக்கு அதிகமாகவும் தருவது எப்படிச் சரியாகும்? நிலம் எதற்குப் பயன்படப்போகிறது என்பது இழப்பவரின் இழப்பை மாற்றுவதில்லை. எனவே சமத்துவம் பற்றிய 14ஆம் உறுப்புக்கு முரணானது எனத் திருத்தச் சட்டம் செல்லாததாயிற்று.

1978இல் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கியது. ஆனால் சமத்துவ வாதம் நிலைத்தது. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு 1997க்குப் பின் ஆறுதல் தொகை மறுக்கப்பட்டபோது, 2019இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே வகை வாதத்தால் அத்தொகையை மீட்டுத் தந்தது.

1984, 2013 மாற்றங்கள்

1984ஆம் ஆண்டுத் திருத்தம் ஆறுதல் தொகையை 30 விழுக்காடாக்கியது. அறிவிக்கைக்கும் தீர்வத்துக்கும் இடைப்பட்ட காலத்துக்கு, சந்தை விலையில் ஆண்டுக்கு 12 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்றது. இரண்டு ஆண்டுகளுக்குள் தீர்வம் வெளியாகாவிட்டால் நடவடிக்கை காலாவதியாகும் என்ற விதியும் வந்தது. அறிவிக்கையில் விலையை முடக்கிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்கும் வழக்கத்துக்கு இவை கடிவாளமாயின.

2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஆறுதல் தொகையை 100 விழுக்காடாக்கியது. ஊரகப் பகுதியில் சந்தை விலையை இரண்டு மடங்கு வரை பெருக்கலாம். வழிகாட்டி மதிப்பு, முந்தைய மூன்று ஆண்டுக் கிரயப் பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரி ஆகியவற்றுள் எது அதிகமோ அதனை எடுக்க வேண்டும். 1961இல் ‘எது குறைவோ’ என்று இருந்த சொல் 2013இல் ‘எது அதிகமோ’ என்று மாறியது. இந்த ஒரு சொல் மாற்றத்தில் அரை நூற்றாண்டு வரலாறு அடங்கியுள்ளது.

தமிழ்நாடு அரசு 105-ஏ பிரிவைச் சேர்த்து, தொழில் நோக்கம், நெடுஞ்சாலை, ஆதிதிராவிடர் நலம் ஆகியவற்றுக்கான மூன்று மாநிலச் சட்டங்களுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. இழப்பீட்டு விதிகள் பொருந்தும். இதனால் சமூகத் தாக்க மதிப்பீடு போன்ற படிகள் தேவையற்றவையாயின. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இதனைச் செல்லாது என்றது. அதே ஆண்டில் மாநிலம் புதுச் சட்டத்தால் அம்மூன்றையும் உயிர்ப்பித்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது.

இன்றும் தொடரும் சிக்கல்கள்

சட்டம் தாராளமானாலும் அடிப்படை விலை பத்திரத்திலிருந்தே வருகிறது. முத்திரைத் தீர்வையைக் குறைக்கக் குறைந்த விலைக்குப் பதிவு செய்யும் வழக்கம், நில எடுப்பின்போது ஊர் முழுவதையும் பாதிக்கிறது. 2017 ஜூனில் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. வாங்குவோருக்கு அது ஆறுதலாக இருந்தது. அந்த மதிப்பை அடிப்படையாகக் கொண்ட இழப்பீட்டுக்கு அது இறக்கமே.

அடுத்தது நடைமுறை. தொகை போதவில்லை என்று கருதுபவர் ஆட்சேபத்துடன் பெறுவதாக எழுதிக் கொடுத்த பின்னரே பணத்தைப் பெற வேண்டும். ஆட்சேபமின்றிப் பெற்றவர் கூடுதல் கேட்டு மனுச் செய்ய இயலாது. தீர்வத்தின்போது நேரில் இருந்தவருக்கு ஆறு வாரமே கெடு. 1894, 2013 ஆகிய இரு சட்டங்களிலும் இவ்விதி உண்டு. ஒரே அறிவிக்கையில் நிலம் இழந்த மற்றொருவர் கூடுதல் தொகை பெற்றால், ஏனையோர் மூன்று மாதத்துக்குள் அதே விகிதத்தைக் கோரலாம் என்பது 1984இல் வந்த சலுகை. இதுவும் இன்று தொடர்கிறது.

மூன்றாவது, பட்டாவில் பெயர் இல்லாதவர்கள். ஏரிப்பாசன ஊர்களில் குத்தகைக்கு உழுதவர்களும் நடவு, அறுவடைக் கூலிகளும் அதே நிலத்தை நம்பியே வாழ்ந்தனர். பழைய சட்டத்தில் விவசாயக் கூலிகளுக்கு இடமே இல்லை. நிலம் எடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தையே பிழைப்பாகக் கொண்ட குத்தகைதாரர், கூலித் தொழிலாளர் குடும்பங்களையும் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்று, மறுவாழ்வு உதவிக்கு உரியவர்களாக்கியது 2013ஆம் ஆண்டுச் சட்டமே. அம்பத்தூரிலும் ஆவடியிலும் வயல்கள் பெரும்பாலும் மறைந்த பிறகே அந்த ஏற்பு வந்தது.