ஐம்பது டாலருக்கு விலைபோன பாட்டு: வில்லி நெல்சனின் தொடக்க காலம்

அமெரிக்க கன்ட்ரி இசை உலகில் வில்லி நெல்சன் முதலில் பேர் வாங்கியது பாட்டெழுதித்தான். பாடகராக அவரைக் கொண்டாடியது பின்னாளில். 1933இல் டெக்சஸ் மாநிலத்தின் அபட் என்ற சிற்றூரில் பிறந்த அவரைத் தாத்தாவும் பாட்டியும் வளர்த்தார்கள். ஆறு வயதில் தாத்தா கொடுத்த கிதார் கைக்கு வந்தது. ஏழு வயதில் முதல் பாட்டை எழுதினார்.

1950களில் வானொலி அறிவிப்பாளராக ஊர் ஊராக மாறினார். வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவரில் வேலை பார்த்தபோது, 1957இல் சொந்தச் செலவில் 'நோ பிளேஸ் ஃபார் மீ' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அது எடுபடவில்லை. வீடு வீடாகப் போய் பைபிளும் கலைக்களஞ்சியமும் விற்றுப் பிழைத்த காலமும் உண்டு.

பத்தாண்டின் இறுதியில் ஹூஸ்டனுக்கு வந்தவர், இரவில் எஸ்கொயர் நடன அரங்கில் வாசித்தார். வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை. 'ஃபேமிலி பைபிள்' பாட்டை 50 டாலருக்கும், 'நைட் லைஃப்' பாட்டை 150 டாலருக்கும் கைமாற்றிவிட்டார். பாட்டை இப்படி மொத்தமாக விற்றுவிடுவது அன்றைய வழக்கம். ஆனால் விற்றபின் ராயல்டியும் கிடையாது, எழுதியவர் என்ற பெயரும் தங்காது. 1960இல் கிளாட் கிரே பாடிய 'ஃபேமிலி பைபிள்' கன்ட்ரி வரிசையில் 7ஆம் இடம் வரை ஏறியது. இசைத்தட்டில் நெல்சன் பெயர் இல்லை. இழப்பு பெரியதுதான். இருந்தாலும் தன் பாட்டு ஊரெங்கும் ஒலிக்கும் என்பதற்கு அவருக்கு அதைவிடப் பெரிய சான்று தேவைப்படவில்லை.

அதே ஆண்டு நாஷ்வில் போனார். ரைமன் அரங்கின் பின்பக்கம் இருந்த டூட்சீஸ் மதுக்கடைதான் பாட்டெழுதுபவர்கள் கூடும் இடம். அங்கே அவர் பாட்டைக் கேட்ட ஹாங்க் காக்ரன், தான் எழுதிவந்த பாம்ப்பர் மியூசிக் நிறுவனத்தில் அவரைச் சேர்த்துவிட்டார். வாரம் 50 டாலர் முன்பணம். அந்தப் பணத்தைக் கொடுப்பதற்காகத் தனக்குக் கிடைக்கவிருந்த ஊதிய உயர்வையே காக்ரன் விட்டுக்கொடுத்தார். வாராவாரம் பணம் வந்ததால் பாட்டை விற்கும் நெருக்கடி தளர்ந்தது. எழுதியவை அவர் பெயரிலேயே நின்றன.

இருந்தும், நிறுவனத்தின் கார் கொட்டகையில் உட்கார்ந்து எழுதிய 'ஹலோ வால்ஸ்' பாட்டையும் 500 டாலருக்கு விற்றுவிட முன்வந்தார். பாடகர் ஃபேரன் யங் வாங்க மறுத்து, அந்தத் தொகையைக் கடனாகத் தந்தார். 1961இல் யங் பாடி அது ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. நெல்சனின் வாழ்க்கையைத் திருப்பிய உதவி, யங் பாட்டை வாங்க மறுத்ததுதான் எனலாம்.

அதே ஆண்டு பாடகி பேட்சி கிளைன் பாடிய நெல்சனின் 'கிரேஸி' கன்ட்ரி வரிசையில் 2ஆம் இடம் பிடித்தது. மூன்று சுரக்கூட்டுகளில் (chords) முடிந்துவிடும் வழக்கமான மெட்டு அல்ல அது. மாதிரிப் பதிவில் நெல்சன் தாளத்துக்கு முன்னும் பின்னும் சொற்களை நகர்த்திப் பாடியிருந்தார். அதைப் பின்பற்றத் திணறிய கிளைன், கடைசியில் தன் போக்கிலேயே பாடினார். கார் விபத்தில் காயப்பட்ட விலா எலும்பு வலியால் உச்ச சுரங்கள் எட்டாமல்போக, வேறொரு நாளில் வந்து பதிவை முடித்தார்.

1962இல் லிபர்ட்டி நிறுவனம் நெல்சனின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. 'ஹலோ வால்ஸ்', 'கிரேஸி' இரண்டையும் அதில் அவரே பாடியிருந்தார்.