பத்தா, பன்னிரண்டா, பதினைந்தா? - ஒரு பாஸ் கிடார் பெட்டியின் வரலாறு

இந்த முறை வட்டி விகிதம், வீட்டுக் கடன், வரிச் சலுகை எதுவும் கிடையாது. பாஸ் கிடாருக்கு வாங்கும் ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றி எழுதப் போகிறேன். பி.காம். படித்துவிட்டு பேங்கில் குப்பை கொட்டும் ஆளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். காரணம் வீட்டிலேயே இருக்கிறது :-)

மாற்றலாகி திருவனந்தபுரம் வந்த நம்மாட்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஊர்க் காற்று சீக்கிரம் பிடித்துவிடும். காலேஜுக்குக் காலேஜ் பேண்ட் உண்டு. 2003-ல் இங்கே ஆரம்பித்த 'அவியல்', 2008-ல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டு, மலையாளத்திலேயே ராக் பாடலாம் என்று காட்டியது. என் மகளும் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில் பாஸ் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வீட்டில் பழகும் குட்டி ஆம்ப், டிரம்ஸ் பக்கத்தில் வைத்தால் வாயே திறப்பதில்லை. "ஒரு நடுத்தர சைஸ் கேபினெட் வேணும்ப்பா" என்றாள்.

கடையில் போய்ப் பார்த்தால் இரண்டு பத்து இன்ச், நாலு பத்து இன்ச், ஒரு பதினைந்து இன்ச், இரண்டு பன்னிரண்டு இன்ச் என்று வரிசையாக நிற்கின்றன. எது எதற்கு என்று கேட்டேன். "வாட்ஸ் எவ்வளவுன்னு பாருங்க சார், அது போதும்" என்றார் கடைக்காரர். கடன் கேட்டு வருபவரின் பழைய கணக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் நமக்கு இல்லையே. பெட்டிகளின் பழைய கணக்கையும் தோண்டினேன். தெரிந்தது இதுதான்: இந்த எண் ஒவ்வொன்றும், ஒரு காலத்தில் யாரோ பட்ட சிரமத்துக்குக் கிடைத்த பதில். யார் சிரமம் நம் சிரமத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் போதும்.

முதலில் 15 இன்ச். அமெரிக்காவில் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பாஸை வைத்துக்கொண்டு திண்டாடியவர்கள் பலர். டிரம்ஸும் டிரம்பெட்டும் சேர்ந்தால் அதன் சத்தம் காணாமல் போகும். 1951-ல் லியோ ஃபெண்டர், கிடார் போலத் தோளில் மாட்டும் 'பிரிசிஷன் பாஸ்' கொண்டுவந்தார். அதற்குத் துணையாக 1952-ல் வந்த ஆம்ப்தான் 'பாஸ்மேன்'. சுமார் 26 வாட்ஸ், ஒரே ஒரு 15 இன்ச் ஸ்பீக்கர். அன்றைய ஸ்பீக்கர் கோன்களால் வெகுதூரம் முன்னும் பின்னும் அசைய முடியாது. அடித்தட்டு ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். எனவே பெரிய கோன்.

1950களின் நடுவில் ஃபெண்டர் அதையே நாலு 10 இன்ச்சாக மாற்றினார். முதுகு திறந்த பெட்டி. முன்னால் வரும் அலையும் பின்னால் வரும் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதில் பாஸ் சத்தம் மெலிந்தது. ஆனால் லீட் கிடார்காரர்களுக்கு அது தேன்! 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷல் தன் முதல் ஆம்பைச் செய்தபோது இந்த பாஸ்மேன் சர்க்யூட்டைத்தான் ஒட்டிச் செய்தார். பாஸுக்காகச் செய்த சாமான் வேறு ஆளுக்கு வாழ்வு கொடுத்தது.

பாஸ்காரர்களுக்குச் சரியான மூடிய பெட்டி தந்தது 'ஆம்பெக்' கம்பெனி. டபுள் பாஸின் அடியில் இருக்கும் முளைக்குள் மைக் வைத்து ஆரம்பித்தவர்கள் இவர்கள். அந்த முளையின் ஆங்கிலப் பெயர்தான் கம்பெனிப் பெயரிலும் ஒட்டிக்கொண்டது. 1960-ல் வந்த பி-15 ஆம்பைக் கவிழ்த்துப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடித் தூக்கிப் போகலாம். ஸ்டுடியோக்களில் பல வருஷம் அதுதான் ராஜா.

பிறகு ஸ்டேடியம் கச்சேரிகளின் காலம். 1969-ல் ஆம்பெக் 300 வாட்ஸ் வால்வு ஆம்ப் ஒன்றைக் கொண்டுவந்தது: எஸ்.வி.டி. அந்த வருஷம் ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு இதைத்தான் எடுத்துப் போனார்கள். அதன் பெட்டியில் எட்டு 10 இன்ச் ஸ்பீக்கர்கள். செல்லப் பெயர் 'ஃபிரிட்ஜ்'. பின்னாளில் வந்த வடிவத்தின் எடையே சுமார் 63 கிலோ. ஏன் இவ்வளவு பெரிசு? அன்றைக்கு மைக் செட் என்பது பெரும்பாலும் பாடுகிறவருக்கு மட்டும்தான். பாஸ் சத்தம் கடைசி வரிசைக்குப் போக வேண்டுமென்றால் மேடையில் இருக்கும் பெட்டியேதான் கத்த வேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்கு விளக்கு எரிந்தது. இன்று நிசாகந்தி திறந்தவெளி அரங்கில் ஒரு பேண்ட் வாசித்தால், பாஸ் கிடாரிலிருந்து ஒரு வயர் நேராக மிக்சருக்குப் போகிறது. மக்களுக்குக் கேட்பது இருபுறமும் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்கள் வழியாக. மேடையில் இருக்கும் பெட்டி, வாசிப்பவருக்கும் பக்கத்து டிரம்மருக்கும் கேட்டால் போதும். ஃபிரிட்ஜ் தீர்த்து வைத்த பிரச்சினை பெரிய மேடையில் நமக்கு இல்லை. நம் பிரச்சினை காலேஜ் ஹாலிலும் பயிற்சி அறையிலும்தான்: மிக்சர் இல்லாமல் டிரம்ஸோடு சரிக்குச் சரி நிற்க வேண்டும்.

இன்னொரு ஆச்சரியம். பாஸ் கிடாரின் அடித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்த ஃபிரிட்ஜோ சுமார் 58 ஹெர்ட்ஸிலேயே இறங்க ஆரம்பித்துவிடும்! ஆனாலும் யாரும் பாஸ் குறைகிறது என்று சொன்னதில்லை. காரணம் நம் காது. 41-ன் மடங்குகளான 82, 123 எல்லாம் கேட்டால், விட்டுப்போன 41-ஐ மூளையே போட்டு நிரப்பிக்கொள்ளும். சின்ன டிரான்சிஸ்டரில் இளையராஜா பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் அந்த பாஸ் வரியைப் பின்தொடர்ந்து தலையாட்டினோமே, அது இப்படித்தான். எனவே 'எவ்வளவு கீழே போகிறது' என்ற எண்ணுக்கு மட்டும் காசு கொட்ட வேண்டாம்.

பெட்டி செய்வது கைப்பழக்கமாக இருந்ததைக் கணக்காக மாற்றியவர்கள் ஆஸ்திரேலியாவில் வேலை செய்த இருவர். நெவில் தீல் 1961-ல் கட்டுரை எழுதினார். 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். இந்த ஸ்பீக்கருக்கு இவ்வளவு கொள்ளளவு, இவ்வளவு துளை என்று மரத்தை அறுக்கும் முன்பே சொல்ல முடிந்தது. இதோடு ஹாஃப்மன் என்பவர் சொன்ன ஒரு விதியும் உண்டு: ஆழமான பாஸ், அதிகச் சத்தம், சின்னப் பெட்டி, மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். டெபாசிட் போட வருபவர்களிடம் நான் தினம் சொல்வதும் இதுதானே. பத்திரம், நினைத்தபோது எடுக்கும் வசதி, அதிக வருமானம், மூன்றையும் ஒரே திட்டத்தில் கேட்டால் எங்கே போவது?

1980களில் பாஸை விரலால் தட்டி வாசிக்கும் பாணி பரவியது. தட்டும் சத்தம் பளிச்சென்று கேட்க ஹார்ட்கி அலுமினியக் கோன் போட்டார். எஸ்.டபிள்யூ.ஆர். கம்பெனி நாலு 10 இன்ச்சோடு ஒரு ட்வீட்டரையும் சேர்த்தது. அதே பத்தாண்டில் கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியம் காந்தம் பின்னால் பாஸ் பெட்டிக்குள் வந்தபோது எடை மளமளவென்று இறங்கியது.

சரி, வரலாறு போதும், கணக்குக்கு வருவோம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ்! அதனால் காற்றைத் தள்ளும் கோன் பரப்பைப் பாருங்கள். ஒரு 10 இன்ச் கோன் சுமார் 350 சதுர செ.மீ., 12 இன்ச் சுமார் 530, 15 இன்ச் சுமார் 850. ஆக இரண்டு 10 இன்ச் = 700, ஒரு 15 இன்ச் = 850, இரண்டு 12 இன்ச் = 1060, நாலு 10 இன்ச் = 1400. கோன் எவ்வளவு தூரம் அசைகிறது என்பதும் கணக்கில் உண்டு. நல்ல இரண்டு பத்து, சுமாரான ஒரு பதினைந்தை ஓரம் கட்டிவிடும்.

நாலு பத்துதான் பரப்பில் ஜெயிக்கிறது. ஆனால் பழைய காந்தம் போட்ட நாலு பத்து பல சமயம் 35 கிலோவைத் தாண்டும். அப்போது மகள் சொன்னாள்: "நானே தூக்கற மாதிரி இருக்கணும்ப்பா. பசங்க வந்து தூக்கிக் கொடுக்கறவரைக்கும் நான் நிக்க மாட்டேன்." என் மனைவி உடனே, "அவ சொல்றதுதான் சரி" என்றாள். பேச்சு முடிந்தது. எடையும் ஒரு செலவுக் கணக்கு. நிகழ்ச்சி முடிந்து ஆட்டோ பிடித்து எந்த நேரத்துக்கு வீட்டுக்கு வரலாம் என்பதை அந்தப் பெட்டிதான் தீர்மானிக்கிறது.

நியோடிமியம் போட்ட இரண்டு 12 இன்ச் பெட்டி ஒன்றை எடுத்தோம். 8 ஓம். பிற்பாடு அதே மாதிரி இன்னொன்று சேர்த்தால் 4 ஓம் ஆகும், அவளுடைய ஆம்ப் அதைத் தாங்கும். கோன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி நிறுத்தி வைத்தால் மேல் கோன் காதுக்குக் கிட்டே வரும், சின்ன மேடையில் தன் வாசிப்பு தனக்கே கேட்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு மூன்று குறிப்பு. ஒன்று, இங்கே ஜூனில் ஆரம்பிக்கும் மழை லேசில் விடாது. பார்ட்டிகிள் போர்டு ஈரம் பட்டால் உப்பிவிடும், பிளைவுட் பெட்டியா என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாவூர் பிளைவுட் கிடைக்கும் ஊரில் ஆசாரியிடம் செய்துகொள்ளவும் வழி உண்டு, ஸ்பீக்கருக்கு ஏற்ற அளவுக் கணக்கு கையில் இருந்தால் மட்டும். இரண்டு, ஆம்பையும் டிரம்மரையும் கூட்டிக்கொண்டு போய் வாசித்துப் பாருங்கள். தனியாகக் கேட்டால் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும். மூன்று, ஃபிளாட்டில் இருப்பவர்கள் கவனிக்க: 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை கட்டுப்பாடு உண்டு. சுவர் மேல்தட்டு ஒலியைத் தடுத்துவிடும், பாஸ் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போய் உட்காரும். எங்கள் வீட்டில் இரவில் ஹெட்ஃபோன்தான்.

உங்கள் வீட்டிலும் டிரம்ஸோ கீபோர்டோ வாங்கச் சொல்லி யாராவது நச்சரித்தால், விலைப்பட்டியலுக்கு முன்னால் அந்தச் சாமானின் கதையைக் கொஞ்சம் படியுங்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் இருக்கும்.