தோலின் ஒரு சிறு துண்டு

நோர்வே தேசத்தின் மேற்குக் கரையிலே பேர்கன் என்றொரு துறைமுகப் பட்டினம் உண்டு. அங்கே 15ஆம் நூற்றாண்டு முதல் தொழுநோயாளருக்கெனப் புனித யோர்கன் வைத்தியசாலை இருந்து வந்தது. அதனுட் புகுந்தவர் வீடு திரும்புவது அரிது. ஒருவரை அங்கு அனுப்புவதற்கோ கண்ணாற் கண்ட அடையாளங்களே போதுமாயிருந்தன. முகத்திலே தடிப்பு, மேனியிலே வெளிறிய தேமல், மடங்கிய விரல் ஆகியவையே சாட்சிகள். ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெந்தலையில் தொழுநோயாளருக்கு இல்லம் அமைத்த காலத்திலும் இதைவிட நல்ல சாட்சி எவரிடமும் இருக்கவில்லை. வேறு தோல்நோய் கொண்டவர் எத்தனை பேர் இவ்வாறு ஊரையும் உறவையும் இழந்தனரோ!

1847ஆம் ஆண்டு பேர்கன் வைத்தியர் டானியல்சன், பெக் என்பாருடன் சேர்ந்து இந்நோய் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். நோயாளரைப் பல்லாண்டு கூர்ந்து நோக்கிய அவர்கள் நோயை இரண்டாகப் பிரித்தனர். தோலிலே முடிச்சுகள் திரள்வது ஒன்று. தேமல் தோன்றி அவ்விடத்தில் உணர்ச்சி அற்றுப்போவது மற்றொன்று. பார்வையோடு தொடுகையும் பரிசோதனையிற் சேர்ந்தது. இன்றும் வைத்தியர் பஞ்சு நுனியால் தேமலைத் தொட்டு, உணர்கிறதா என வினவுகின்றார். முழங்கைக்குப் பின்னே ஓடும் நரம்பு தடித்துள்ளதா என விரலால் தடவிப் பார்க்கின்றார்.

இந்நோய் பரம்பரையாக வருவதென்றே டானியல்சன் நம்பினார். அவருடைய மருமகனான ஹான்சனோ அதனை ஏற்கவில்லை. 1873இல், நோயாளரின் முடிச்சுகளிலிருந்து எடுத்த இழையத்தை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கியபோது, கலங்களுக்குள்ளே சிறு கோல் போன்ற உருவங்களைக் கண்டார். ஆயினும் இருவகை நோய்க்கும் காரணம் ஒன்றேயா என்ற ஐயம் எஞ்சியது. அதனைத் தீர்க்க 1879இல் அவர் செய்த காரியம் அவர் புகழுக்கு நீங்காத மாசு. முடிச்சு வகை நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த பொருளை, உணர்ச்சியற்ற வகை நோயால் வருந்திய ஒரு பெண்ணின் கண்ணிலே, அவளது சம்மதம் கேளாமலே குத்திச் செலுத்தினார். எதிர்பார்த்த முடிச்சு தோன்றவில்லை. 1880இல் நீதிமன்றம் அவரை வைத்தியசாலைப் பதவியிலிருந்து நீக்கியது. நோயாளிக்கும் உரிமை உண்டென்பதை அந்த எளிய பெண்ணின் வழக்கு நிலைநாட்டியது.

ஹான்சனின் ஐயத்திற்கு விடை தோல்துண்டிலேயே இருந்தது. தேமலின் ஓரத்தில் மரக்க மருந்திட்டுச் சிறு துண்டு வெட்டி, மெல்லிய சீவல்களாக்கிச் சாயமூட்டிப் பார்த்தனர். முடிச்சு வகையிலே நுரைபோன்ற கலங்களுக்குள் கிருமிகள் கட்டுக்கட்டாய் நிறைந்திருந்தன. உணர்ச்சியற்ற தேமலிலோ கிருமி காண்பதே அரிது. உடலின் காவற்கலங்கள் திரண்டு நின்றன. நரம்போ அப்போரில் அழிந்து கிடந்தது. கிருமி ஒன்றுதான், அதனை எதிர்க்கும் உடலின் ஆற்றலே வேறு. 1953இல் மத்ரித் நகரிற் கூடிய மாநாடு நோயை நான்கு பிரிவாக வகுத்தது. 1966இல் ரிட்லி, ஜோப்ளிங் என்னும் ஆங்கில அறிஞர் இருவர், எதிர்ப்பாற்றல் மிகுந்த முனையிலிருந்து அஃது அற்ற முனைவரை ஐந்து படிகள் வகுத்தனர். இடைப்படிகளில் நிற்போரின் நிலை உறுதியற்றது; ஒரு பக்கம் சாயக்கூடியது.

பல மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் சிகிச்சையை 1982இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தபின், வகைப்பாடு மருந்தின் காலத்தை நிர்ணயிப்பதாயிற்று. நுணுக்குக்காட்டி இல்லாத கிராமத்தை எண்ணி, பின்னர் தேமல்களை எண்ணும் எளிய முறை வந்தது: ஐந்துவரை எனில் ஆறு மாத மருந்து, அதற்கு மேல் எனில் பன்னிரண்டு மாதம். ஆயினும் தேமல் முகத்தில் இருந்தால் உணர்ச்சிக் குறைவைக் கண்டறிவது கடினம். சிறு குழந்தையோ பஞ்சு பட்டதா என்ற கேள்விக்குத் தெளிவாக விடை சொல்லாது. அத்தகைய வேளையில் வைத்தியர் இன்றும் தோலின் ஒரு சிறு துண்டையே நாடுகின்றார்.